வெள்ளை ரயர் கறுத்த கதை

மிஷெலின் கொம்பனியின்ர அந்தக் குண்டு மனிசனை எல்லாரும் கண்டிருப்பம். ரயர் கடைப் பலகைகளில, கராஜ் சுவர்களில சிரிச்சுக்கொண்டு நிப்பார். உடம்பு முழுக்க அடுக்கி வைச்ச ரயர். ஆனால் ஆள் வெள்ளை. எங்கட கூட்டத்தில ஒருநாள் இதுதான் பேச்சாக வந்தது. ரயரால் செய்த மனிசன் ஏன் வெள்ளையாக இருக்கிறார்? விளம்பரம் எண்டால் வெளிச்சமாத்தானே இருக்கவேணும் எண்டு ஒராள் சொன்னார். கேக்க நல்லாத்தான் இருந்தது, ஆனால் விசயம் அதில்லை. அவர் சுவரொட்டியில் முதன்முதல் வந்தது 1898 இல். அப்ப உலகத்தில ரயர் கறுப்பே இல்லை.

இறப்பர் பாலின் நிறம் எங்கள் நாட்டில கனபேருக்குத் தெரியும். சிரட்டையில் வடியிற பால் வெள்ளை. காய வைத்தால் வெளிர் மஞ்சள், புகையடித்தால் மண்ணிறம். அதில் கறுப்பு எங்கேயும் இல்லை. ரயருக்குக் கறுப்பு வெளியில இருந்து வந்தது. நிறத்துக்காகவும் வரவில்லை. தேய்மானத்தை நிப்பாட்ட வந்த சாமான் அது. இண்டைக்கு "நனோ" எண்டு சொன்னால் உடனை எதிர்காலம், ஆய்வுகூடம், வெள்ளை அங்கி எண்டுதான் மனம் போகும். நனோதொழில்நுட்பம் என்ற சொல்லை ஜப்பானியரான நோரியோ தனிகுச்சி பயன்படுத்தியது 1974 இல். அதுக்கு எழுபது வருசம் முந்தியே, சொல்லும் இல்லாமல் பார்க்கக் கருவியும் இல்லாமல், நனோத் துணிக்கைகளை இறப்பருக்குள் பிசைந்து உராய்வையும் தேய்வையும் மாத்திப்போட்டார்கள். அந்தக் கதையைத்தான் இஞ்ச எழுதுகிறோம்.

சும்மா இறப்பர் ரயராக உதவாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அதை ஓரளவு சரிப்படுத்தினார். பாடப்புத்தகத்தில வல்கனைசுப்படுத்தல் எண்டு படிச்சது அதுதான். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையில் கந்தகம் முடிச்சுப் போடுகிறது. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியர் ஜோன் போய்ட் டன்லொப் தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்குக் காத்தடிச்ச ரயர் செய்தார். சைக்கிளுக்கு அது போதும். பாரமான மோட்டார் வண்டி வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. கந்தகம் போட்ட இறப்பர் இழுபடும், திரும்பி வரும், ஆனால் தெருவோடு உரசினால் துண்டு துண்டாகப் பிய்ந்துபோகும். அந்தக் காலத்து ரயர் சில ஆயிரம் மைல் ஓடினாலே பெரிய காரியம்.

அப்ப கலந்த தூள்களில் முக்கியமானது நாக ஒட்சைட்டு. வெள்ளைத் தூள். வல்கனைசுப்படுத்தலை விரைவுபடுத்தும், இறப்பரைக் கொஞ்சம் வலுப்படுத்தவும் செய்யும். சோக்கு, களிமண் போன்றவையும் கலந்தார்கள். அவை பெரும்பாலும் இறப்பரை மிச்சம் பிடிக்க மட்டும்தான், மாவில தண்ணி கூட்டுற மாதிரி. அந்த மனிசனின் வெள்ளை நிறம் இந்தக் காலத்து ரயரின் வெளிர் நிறம்.

கறுப்பு வந்தது லண்டனின் கிழக்கில, சில்வர்டவுன் என்ற இடத்தில. இந்தியா றப்பர், கட்டா பேர்ச்சா அன்ட் ரெலிகிராப் வேர்க்ஸ் எண்டு நீண்ட பெயர் கொண்ட கொம்பனி ஒண்டு அங்க இருந்தது. கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளுக்குப் பேர்போன இடம். 1889 இல் அங்கே ஏறத்தாழ மூவாயிரம் தொழிலாளர்கள் மூன்று மாதமளவில் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் மார்க்ஸ் அவர்களோடு நின்று பேசினார். எங்கள் தலைப்புக்கு அது நேரடிச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. ஏனென்றால் கண்டுபிடிப்பு வரலாறுகளில் அந்த மூவாயிரம் பேர் வருவதில்லை. வருகிற பெயர் எஸ். சி. மோட். அதே தொழிற்சாலையில் 1904 இல் அவர் இறப்பருக்குள் புகைக்கரியைக் கூடுதலாகக் கலந்து பார்த்தபோது, அது எதிர்பாராத அளவுக்கு வலுப்பெற்றது. கொம்பனிகள் காபன் பிளாக் எண்டு சொல்லுறது இந்தக் கரியைத்தான். எண்ணெயோ வாயுவோ அரைகுறையாக எரிந்து படியும் கரி. வாய்க்கு வந்தபடி சொன்னால், அடுப்புப் புகட்டில் ஒட்டுற கரியின்ர படிச்ச தம்பி.

அதே 1904 இல் இன்னொரு கறுப்பும் வெளிவந்தது. ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய கொங்கோ அறிக்கை. பெல்ஜிய அரசன் லியோபோல்டின் ஆட்சியில் இறப்பர் அளவு குறைந்தால் மனிதர்களின் கை வெட்டப்பட்டதை அந்த அறிக்கை உலகுக்குச் சொன்னது. அப்போது உலகச் சந்தைக்கு வந்த இறப்பரில் பெரும்பகுதி அமேசன், கொங்கோக் காடுகளில் இருந்து வந்த காட்டு இறப்பர். ஒரு ரயர் சீக்கிரம் தேய்ந்தால் அடுத்த ரயருக்குப் பால் வேணும். தேய்வு என்பது பொறியியல் பிரச்சினை மட்டுமில்லை எண்டு இந்த இரண்டையும் ஒரே வருசத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கரி வந்ததால் இறப்பர்த் தேவை குறைந்ததா எண்டு கேட்டால், இல்லை. ரயர் நிண்டுபிடிச்சதால வண்டி மலிவாச்சு, வண்டி கூடினதால ரயர் இன்னும் கூடிச்சு.

அந்தத் தேவையைக் கடைசியில் நிரப்பியது எங்கள் பக்கத்து மண். 1876 இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி, சுமார் 1,900 கன்றுகள், அதே வருசம் இலங்கைக்கு வந்து கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் இறப்பர் பரவியது. பெருந்தோட்டங்களில் விடிய முன்னம் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்களில் கனபேர் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். 1948 இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. நாலு வருசம் கழித்து, 1952 இல், அதே மரங்களின் இறப்பரைக் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டுக்குச் சோறு போட்ட பாலை வெட்டியவர்களுக்கு நாடு இல்லை.

திரும்பக் கரிக்கு வருவம்.

மோட்டின் கண்டுபிடிப்பை அடுத்த சில வருசங்களில் கையிலெடுத்தது அமெரிக்காவின் குட்றிச் கொம்பனி. கரியை விற்றவர்கள் பின்னி அன்ட் ஸ்மித். இந்தப் பெயர் உங்களுக்குப் புதுசாக இருக்கலாம். ஆனால் அவர்களின்ர கிரேயோலா வர்ணக் கட்டியால கீறாத பிள்ளை குறைவு. வர்ணம் விற்ற கொம்பனியிடம் வாங்கின கரி, வர்ணத்துக்காக இல்லாமல் வலுவுக்காக இறப்பருக்குள் போனது. ரயரின் மிதிபரப்பு முந்தியதை விடப் பல மடங்கு தூரம் தாங்கியது. முதலாம் உலகப்போருக்குப் பிறகு வெள்ளை ரயர் மெதுமெதுவாக மறைந்தது. கறுப்பு எண்டால் உறுதி எண்டு சனம் நம்பத் தொடங்கியது.

ஏன் உறுதி? இதுதான் கதையின் நடுப்பகுதி, எங்களுக்குக் கனநேரம் எடுத்ததும் இதுதான். கரி கடினமானது, அதனால இறப்பரும் கடினமாகும் எண்டு முதலில் நினைச்சம். அது உண்மையெண்டால் மணல் போட்டாலும் சரிவரவேணும். மணல் போட்டால் ரயர் பாழ். ஒரு மைக்ரோமீற்றருக்கு மேல் பருத்த துணிக்கை இறப்பருக்குள் ஒரு காயம் மாதிரி. இழுக்கிறபோது அதைச் சுத்தித்தான் முதல் வெடிப்பு வரும். கரியின் இரகசியம் அளவில் இருக்கிறது. மிதிபரப்புக்குப் பரவலாகப் போடும் என் 330 என்ற வகையின் துணிக்கை 30 நனோமீற்றர் அளவு. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்கு வரிசையாக வைத்தால் முப்பதாயிரத்துக்கு மேல் அடங்கும். அவை தனித்தனியாக நிற்பதில்லை. முந்திரிகைக் குலை மாதிரி ஒண்டோடொண்டு ஒட்டிக் கொத்தாக இருக்கும். இவ்வளவு சின்னதாக இருப்பதால் ஒரு கிராம் கரிக்கு ஏறத்தாழ 75, 80 சதுர மீற்றர் மேற்பரப்பு. ஒரு சின்ன வீட்டின் தரையளவு, ஒரு கிள்ளுக் கரியில்.

இந்த மேற்பரப்பில்தான் இறப்பர்ச் சங்கிலிகள் படிந்து பிடித்துக்கொள்கின்றன. பிடி இறுக்கம், ஆனால் முழு இறுக்கமில்லை. கலவையை இழுத்தால் சில சங்கிலிகள் வழுக்கிப் பாரத்தைப் பக்கத்துச் சங்கிலிகளோடு பங்கிடும். ஒரு வெடிப்பு ஓடிவந்தால் கொத்து குறுக்கே நிற்கும், வெடிப்பு வளைந்து, கிளைவிட்டு, களைத்துப்போகும். 100 பங்கு இறப்பருக்கு 50 பங்கு அளவில் கரி போடுவது வழக்கம். அதாவது உங்கள் சைக்கிள் ரயரை இறப்பர் எண்டு சொல்லுறது பாதி மரியாதைக்கு. அது இறப்பரும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருள்.

கரி மூலகக் காபன் என்பதால் அசேதனப் பொருட்களோடு வைத்தே பேசப்படுகிறது. கரி சேதனமா அசேதனமா எண்டு எங்களுக்குள்ளயே ஒரு சண்டை நடந்தது, அதை இஞ்ச இழுக்கவில்லை.

செய்முறையும் அழுக்கானது. முதல் காலத்தில் ரெக்சாஸ் பக்கம் இயற்கை வாயுவை எரித்து, சுவாலையை இரும்புச் சட்டங்களில் முட்டவிட்டு, படிந்த கரியைச் சுரண்டி எடுத்தார்கள். வாயுவில் இருந்த காபனில் மிகச் சிறிய பங்குதான் கையில் கிடைத்தது. மிச்சமெல்லாம் புகையாக வானத்துக்கு. 1943 இல் ரெக்சாஸின் போர்கர் நகரில் பிலிப்ஸ் பெற்றோலியம் எண்ணெயை உலைக்குள் எரித்துக் கரி எடுக்கும் முறையைத் தொடங்கியது. இண்டைக்கும் பெரும்பாலான கரி அந்த வழியில்தான் வருகிறது. உலையின் சூட்டையும் நேரத்தையும் மாத்தினால் துணிக்கையின் அளவு மாறும். என் 110 இருபது நனோமீற்றருக்குக் கிட்ட. சின்னது கடும் தேய்வுக்கு, பெரியது மலிவுக்கு. சின்னது நல்லது எண்டால் இன்னும் சின்னதாக்கலாமே எண்டு கேப்பீங்கள். துணிக்கை சிறுக்கச் சிறுக்க ஒண்டையொண்டு விடாமல் கட்டியாகும், பிசைகிற மிசினுக்குள் கலவை கொதிக்கும். கட்டி பிரியாவிட்டால் அது பழையபடி மணல்தான்.

1940ஐ ஒட்டி இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் கரியைப் பார்க்க முடிந்தது. மோட் கலந்த நாளில் இருந்து முப்பத்தைந்து வருசமாக, கலந்துகொண்டிருந்த பொருளின் உருவத்தை ஒருவரும் கண்டதில்லை. அறிவு பின்னால வந்த தொழில் இது. இங்கிலாந்தில் இறப்பர் ஆராய்ச்சி செய்த அடொல்ஃப் ஷாலமாக் 1950களில் தேய்ந்த இறப்பரின் முகத்தை உற்றுப் பார்த்தார். உரசும் திசைக்குக் குறுக்காக வரிவரியாக மேடுகள். ஒவ்வொரு மேடும் நாக்கு மாதிரி பின்னுக்கு மடிந்து, அடியில் வெடித்து, கடைசியில் அறுந்து விழும். தேய்வு எண்டால் அரம் போட்டுச் சுரண்டுறது மாதிரி எண்டுதான் நினைப்பம். உண்மையில் அது ஆயிரம் சின்ன வெடிப்புகளின் களைப்பு.

உராய்வின் கதை இதைவிடச் சிக்கல். ரயருக்கு நாங்கள் ஒண்டுக்கொண்டு எதிரான இரண்டைக் கேட்கிறோம். உருளும்போது வழியை விடு, பிறேக் பிடித்தால் ஒட்டிக்கொள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் காரின் ரயர் செக்கனுக்கு எட்டு, ஒன்பது தரம் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடம் நசுங்கி நிமிரும். நசுக்கக் கொடுத்த சக்தி முழுக்கத் திரும்பி வராது, கொஞ்சம் சூடாகிப் போகும். அந்தச் சூடுதான் எரிபொருள் வீண். ஆனால் ஈரத்தெருவில் பிறேக் பிடிக்கும்போது எங்களைக் காப்பாற்றுவதும் அதே சக்தி இழப்புத்தான். தாரின் கற்பரல்களில் இறப்பர் ஏறி இறங்கிச் சக்தியைத் தின்ன வேணும். 1963 இல் கே. ஏ. குறோஷ் இந்த இரண்டும் ஒரே குணம், வேறு வேறு வேகம் எண்டு காட்டினார். உருளல் மெதுவான நசுக்கல், வழுக்கல் செக்கனுக்கு ஆயிரக்கணக்கிலும் அதுக்கு மேலயும் நடக்கும் அதிர்வு. அப்படியெண்டால் மெதுவானதில் இழப்புக் குறைந்த, விரைவானதில் இழப்புக் கூடிய கலவை கிடைத்தால் இரண்டையும் வெல்லலாம்.

கரி இதில் குழப்பியது. கொத்துகள் இறப்பருக்குள் கைகோர்த்து வலையாக நிற்கும். ரயர் நசுங்கும் ஒவ்வொரு தரமும் வலை அறுந்து திரும்பக் கட்டும், ஒவ்வொரு அறுப்புக்கும் கொஞ்சம் சூடு. 1960களில் இதை விரிவாக அளந்த ஏ. ஆர். பெய்னின் பெயரில்தான் இந்த விளைவை இப்பவும் சொல்கிறார்கள்.

மாற்றாக இருந்தது சிலிக்கா. மணலைச் சோடாவோடு உருக்கி, கரைத்து, அமிலம் விட்டு வீழ்படிவாக்கி எடுக்கும் வெள்ளைத் தூள். இதுவும் நனோ அளவுதான். செருப்பு அடிகளில் எப்பவோ வந்துவிட்டது. ஆனால் சிலிக்காவின் மேற்பரப்பு தண்ணியை விரும்பும், இறப்பரை விரும்பாது. தன் இனத்தோடேயே கட்டிபிடித்துக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைக்கத் தரகர் தேவைப்பட்டார். 1970களில் ஜேர்மனியின் டெகுசா கொம்பனி ஒரு சிலேன் சேர்வையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறின் ஒரு நுனி சிலிக்காவைப் பிடிக்கும், கந்தகம் உள்ள மற்ற நுனி இறப்பரைப் பிடிக்கும். கரிக்கும் இறப்பருக்கும் இருந்த அரைகுறைப் பிடி இதில் உண்மையான இரசாயனப் பிணைப்பாகிறது. சமையலில் பதம் மாதிரி இதிலயும் ஒரு பதம் இருக்கு. மிசினுக்குள் 140, 150 பாகைக்கு வராவிட்டால் சிலேன் சிலிக்காவோடு சேராது. அதுக்கு மேல கனக்கப் போனால் கந்தகம் முந்திக்கொண்டு இறப்பரைக் கட்டியாக்கிவிடும்.

1991 இல் மிஷெலின் கொம்பனிக்காக ரோலன்ட் ரோலின் என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கலவை இவற்றையெல்லாம் ஒண்டாக்கியது. நன்றாகப் பரவும் சிலிக்கா, சிலேன், அதுக்கேற்ற செயற்கை இறப்பர். உருளல் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒண்டு குறைந்தது, ஈரத்தெருப் பிடியும் தேய்வும் கெடவில்லை. பச்சை ரயர் எண்டு பெயர் வைத்து விற்றார்கள். நிறம் என்னவோ பழையபடி கறுப்புத்தான், கொஞ்சம் கரியும் போடுவார்கள். வெள்ளை மனிசனை வைத்திருக்கும் அதே கொம்பனி திரும்பவும் வெள்ளைத் தூளுக்குப் போனது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. 2012 இன் கடைசியில் இருந்து ஐரோப்பாவில் விற்கும் ரயர்களில் எரிபொருள் சிக்கனத்தையும் ஈரப்பிடியையும் எழுத்தால் தரப்படுத்திய சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.

இதிலும் ஒரு வில்லங்கம். கரி மின்னைக் கடத்தும், சிலிக்கா கடத்தாது. வண்டியில் சேரும் நிலைமின் தரைக்குப் போக வழியில்லாமல் போகும். அதனால சிலிக்கா மிதிபரப்புக்கு நடுவில் கரி கூடிய ஒரு மெல்லிய கீற்றை ஓடவிடுகிறார்கள்.

லொறி, பஸ் ரயர்களில் கரி இன்னும் இராச்சியம் செய்கிறது. அவற்றின் மிதிபரப்பு பெரும்பாலும் இயற்கை இறப்பர், சிலிக்காவும் சிலேனும் அதோடு அவ்வளவு ஒத்துப்போவதில்லை. குட்இயர் கொம்பனி உமிச் சாம்பலில் இருந்து எடுத்த சிலிக்காவை ரயரில் பயன்படுத்துகிறது. அரிசிக்கு இறப்பர் கொடுத்த நாட்டில இருந்துகொண்டு இதை வாசிக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. எங்கள் ஆலைகளின் பின்னால் உமி மலையாகக் கிடக்கு.

தேய்வு குறைந்தது, நிக்கவில்லை. தேய்ந்த ரயர் எங்க போகுது எண்டு ஒருவரும் கேட்பதில்லை. தூளாகக் காத்திலும் வாய்க்காலிலும் போகிறது. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பிறகு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததுக்குக் காரணம் ரயரில் இருந்து வந்த ஒரு பொருள் எண்டு 2020 இன் கடைசியில் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி கரியுமில்லை, சிலிக்காவுமில்லை. ஓசோனில் இருந்து இறப்பரைக் காக்கப் போடும் வேறொரு சேர்வை மாறி உருவான நஞ்சு. ஆனால் அது ஓடைக்கு வந்தது தேய்ந்த தூளில் ஏறித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு யூரோ 7 விதிகளில் வாகனப் புகையோடு ரயர்த் தேய்வும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கரித்தூளைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலிலும் இருக்கிறது. ரயருக்குள் கட்டுண்டு கிடக்கும் கரியை விட, அதை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கலக்கும் தொழிலாளிக்குத்தான் அந்தக் கவலை கூட. அவரின் முகமூடியைப் பற்றி எந்தச் சீட்டிலும் எழுத்து இல்லை.

இலங்கை இண்டைக்கு உலகத்துக்குத் திண்ம ரயர் அனுப்பும் முக்கிய நாடுகளில் ஒண்டு. காத்தில்லாத, முழுக்க இறப்பரான, பாரந்தூக்கி வண்டிகளுக்குப் பூட்டும் ரயர். அதில் ஒரு வகை, உணவும் மருந்தும் அடுக்கும் களஞ்சியங்களுக்குப் போகிறது. அங்கே தரையில் கறுப்புக் கோடு விழக்கூடாது. அதனால அந்த ரயருக்குக் கரி போடுவதில்லை, சிலிக்காதான். அச்சில் இருந்து சுடச்சுட வெளியில் வரும்போது அது அந்தக் குண்டு மனிசனின் நிறத்தில் இருக்கும்.